ரோசாக்

எங்கள் ஆலையின் ஸ்டோரில் கடைசி அலமாரி ஒன்று இருக்கிறது. பழுதான எலக்ட்ரானிக் சாமான்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். இன்வெர்ட்டர், பவர் சப்ளை, டெம்பரேச்சர் கண்ட்ரோலர், பி.எல்.சி. கார்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். தேதி, எந்த இயந்திரத்தில் கழற்றியது, கழற்றியவர் கையெழுத்து, அதற்குக் கீழே பழுது விவரம் எழுத மூன்று வரி இடம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வேறு வேலை இல்லாமல் அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பதில் ஒரே சொல்தான் இருந்தது. ரோசாக்.

கெட்டுப்போனது என்று பொருள். மலாய்ச் சொல்தான், ஆனால் அது நம் வீட்டுக்குள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஃபேன் ரோசாக், காடி ரோசாக். என் அத்தைக்கு முட்டி ரோசாக்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னியல் பொறியியல் படித்துவிட்டு 23 வயதில் இந்தச் செம்பனை ஆலைக்கு வந்தேன். தெலுக் இந்தானிலிருந்து முக்கால் மணி நேரம். இப்போது 28. படிக்கும்போது பி.எல்.சி.க்கு புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். மேசை மேல் வைத்த சின்னப் போக்குவரத்து விளக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒழுங்காக மாறினால் 'ஏ' கிடைக்கும். கெட்டுப்போன கார்டை எப்படிக் கழற்றுவது, எதில் சுற்றுவது, ரிப்பேருக்கு அனுப்பும்போது அட்டையில் என்ன எழுதுவது என்பதெல்லாம் பாடத்தில் இல்லை.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அங்கிள். ஆலையில் எல்லாருக்கும் அவர் 'சார்ஜ்மேன்'. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினேழு வயதில் ஒரு வயர்மேனுக்கு எடுபிடியாகப் போய், ரிலே காலத்திலேயே தொழில் கற்றவர். கம்ப்யூட்டரில் ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் நான் மடிக்கணினியைத் திறந்து லேடர் படத்தைக் காட்டினால், திரையில் விரலை வைத்து, "இந்தக் கான்டாக்ட் மூடல பாப்பா, அதான் அந்தாண்ட போகல" என்பார். சரியாக இருக்கும்.

பி.எல்.சி. பிறந்த கதையை மூன்றாம் ஆண்டில் படித்திருந்தேன். கார் மாடல் மாறும்போதெல்லாம் அலமாரி அலமாரியாக ரிலேக்களின் வயரைப் பிரித்து மாற்றி அலுத்துப்போன ஜெனரல் மோட்டார்ஸ் 1968-இல் அதற்கு மாற்றுக் கேட்டது. டிக் மோர்லியின் குழு செய்த மோடிகான் 084 அப்படி வந்தது. புரோகிராமை ரிலே படம் மாதிரியே ஏணி வடிவத்தில் வைத்தார்கள், ஆலை எலக்ட்ரீஷியன்கள் புதிதாக ஒரு மொழி படிக்கத் தேவையில்லாமல். எனக்கு அது பரீட்சைக்கான இரண்டு மதிப்பெண். அங்கிளின் விரல் அந்த ஏணியில் ஏறி இறங்கியபோதுதான், இதை யாரை நினைத்துச் செய்தார்கள் என்று புரிந்தது.

முதல் மாதம் ஒரு இன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னார். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, நான் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு தே ஓ குடிச்சிட்டு வா."

"நேரம் ஆகுது அங்கிள்."

"அதுக்குத்தான் சொல்றேன். போய்க் குடி."

உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் மும்முனை மின்சாரத்தை 550 வோல்ட்டுக்கு மேல் டி.சி.யாகத் தேக்கி வைத்திருக்கும். சுவிட்சை அணைத்த உடனே அது போய்விடாது. பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மேனுவலிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. மேனுவலில் பத்து நிமிடம், அங்கிளிடம் ஒரு தே ஓ.

அதே கெப்பாசிட்டர்கள்தான் எங்கள் அலமாரியில் பாதியை நிரப்பியவை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. பத்து பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் ஒரு வாய்ப்பாடு. எங்கள் பேனல்கள் நீராவிக்குப் பக்கத்தில் நிற்பவை. குலையிலிருந்து பறக்கும் நார்த்தூசு எண்ணெயோடு சேர்ந்து ஃபேன் வலையில் பிசினாக அப்பிக்கொள்ளும். ஃபேன் நின்றால் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து பவர் சப்ளை போகும், அட்டையில் ரோசாக் என்று எழுதுவோம். பல்லிகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இரண்டு டெர்மினலுக்கு நடுவே கருகிக் கிடந்த பல்லியை இதுவரை நான்கு முறை எடுத்திருக்கிறேன்.

நான் முதன்முதலில் எழுதிய மஞ்சள் அட்டையை அங்கிள் வாங்கிப் படித்தார். நானும் ரோசாக் என்றுதான் எழுதியிருந்தேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்.

"டாக்டர்கிட்ட போயி, 'டாக்டர், நான் ரோசாக்'னு சொல்வியா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைக்காரன் மேசையில வச்சி கரண்ட் குடுப்பான். ஏர்கோன் ரூமு. அங்க அது நல்லா ஓடும். இங்க எப்ப நின்னுச்சு, எத்தன மணிக்கு, என்ன லைட்டு எரிஞ்சிச்சு, மழையா வெயிலா, பக்கத்துல எந்த மோட்டரு ஓடுச்சு, அத நீ எழுதலன்னா அவனுக்கு எப்புடித் தெரியும்? நீ பாத்தத எழுது பாப்பா. நெனச்சத எழுதாத. நெனைக்கிறது அவன் வேல."

அவரிடம் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. கழற்றிய சாமான் ஒவ்வொன்றுக்கும் தமிழில் நாலு வரி. எழுத்துப்பிழை நிறைய இருக்கும். நேரம் மட்டும் தவறாது.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதை இப்போது வரும் பயிற்சி மாணவர்களுக்கு நான் சொல்கிறேன். சி.பி.யு.வை அனுப்புமுன் புரோகிராமைக் காப்பி எடுத்து வை, கடையில் மெமரியை அழித்துவிட்டால் அழுதாலும் வராது. சின்ன சுவிட்சுகள் எந்தப் பக்கம் இருந்தன என்று போட்டோ எடு. ரோஸ் நிறப் பை போதாது, அது நிலைமின்சாரம் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க வெள்ளி நிறப் பை வேண்டும். நம் விரலில் சுருக்கென்று தெரிய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். சில சிப்புகள் சாக நூறுகூடத் தேவையில்லை. சீன நாளிதழில் சுற்றி அனுப்பிய காலமும் எங்கள் ஆலையில் இருந்தது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

செம்பனைக் குலை வெட்டிய நேரத்திலிருந்து பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். அதை நிறுத்துவது ஸ்டெரிலைசர். நீண்ட இரும்பு உருளைக்குள் குலைகளை அடைத்து, கிட்டத்தட்ட 3 பார் அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவைப்பது. அது நின்றால் வெளியே லாரிகள் வரிசை பிடிக்கும், எண்ணெயில் அமிலம் ஏறும். 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை அடிபடும். என் இரண்டாம் வருடத்தில், எங்கள் இரண்டாம் எண் ஸ்டெரிலைசர் நடுச் சமையலில் நிற்க ஆரம்பித்தது.

அழுத்தத்தை அளக்கும் கருவி 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை மின்னோட்டம் அனுப்பும். பூஜ்ய அழுத்தத்துக்கும் 4 உண்டு. அதனால் 4-க்குக் கீழே இறங்கினால் அழுத்தம் இல்லை என்று அர்த்தமில்லை, சிக்னல் இல்லை என்று அர்த்தம். எங்கள் திரையில் அந்த எண் திடீரென அடிமட்டத்துக்கு விழும், இரண்டு வினாடியில் திரும்ப வரும். அதற்குள் பி.எல்.சி. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பயப்படுவது சரிதான். உள்ளே 3 பார் இருக்கும்போது ஒன்றுமில்லை என்று நினைத்தால் என்ன ஆகும் என்பது ஆலையில் வேலை செய்த எவருக்கும் தெரியும். கதவுக்குத் தனியாக இயந்திரப் பூட்டு இருந்தது. இருந்தாலும் அந்த எண் விழும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

காலையில் பேனலை அணைத்து வயரை மீட்டர் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. கார்டின் மற்ற சேனல்களும் நன்றாக இருந்தன. ஒரு சேனல் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அங்கிள், "வயரா இருக்கும். மத்தியானம் சூட்டுல பாரு" என்றார். நான் மத்தியானம் வரை காத்திருக்கவில்லை. ஸ்பேர் கார்டை மாட்டினேன், சரியாகிவிட்டது. பதினொரு நாள் ஒரு தொல்லையும் இல்லை. அங்கிளைப் பார்க்கும்போது லேசாக ஒரு பெருமை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய கார்டை ரிப்பேருக்கு அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து, பரிசோதனைக் கட்டணம் 350 வெள்ளி பில்லோடு திரும்பி வந்தது. அறிக்கையில் ஒரே வரி: கோளாறு ஏதும் காணப்படவில்லை. அதற்குள் ஸ்பேர் கார்டிலும் அதே தொல்லை ஆரம்பித்திருந்தது. மறுபடி மாற்றினேன், மறுபடி சில நாள் சரியானது. இரண்டாவது கார்டையும் அனுப்பினேன். அதுவும் அதே வரியோடு வந்தது.

மானேஜர் கூப்பிட்டார். தலைமையகத்துக்கு அறிக்கை போக வேண்டும். படிவத்தில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம், அதைக் காலியாக விட முடியாது, சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. நான் அதன் முன்னால் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஒரு வருடம் முன்பு, வேறொரு பேனலில், அங்கிள் பவரை அணைக்காமல் ஒரு கார்டை உருவியதை நான் பார்த்திருந்தேன். லாரிகள் நின்ற ஒரு நாள், அவசரத்தில் செய்தது. அது நினைவுக்கு வந்தது. எழுதினேன்: பராமரிப்பு ஊழியர் மின்சாரம் இருக்கும்போதே கார்டைக் கையாண்டதால் சேனல் வலுவிழந்திருக்கலாம்.

'இருக்கலாம்' என்று எழுதினேன். பொய் எழுதவில்லை என்று அன்றிரவு எனக்கே சொல்லிக்கொண்டேன். மானேஜர் அதைச் சுருக்கி அனுப்பிய ஒரு பக்கத்தில் 'இருக்கலாம்' இல்லை. ஊழியரின் தவறான கையாளுதல், அவ்வளவுதான். காப்பி எனக்கும் வந்தது. பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

2013-இலிருந்து நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அங்கிளுக்கு அப்போது 61, வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அந்த டிசம்பரில் புதுப்பிக்கவில்லை. என் அறிக்கைதான் காரணம் என்று யாரும் சொன்னதில்லை. வயசு, செலவுக் குறைப்பு, இளைஞர்களுக்கு வாய்ப்பு என்று நாலைந்து காரணம் காதில் விழுந்தது. எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசி நாள் எல்லாருக்கும் கறிபஃப் வாங்கி வந்தார். என்னிடம், "மீட்டருக்கு பேட்டரி மாத்து, கம்மியா காட்டுது" என்றார்.

அவர் போன ஏழாவது வாரம், இரவு ஷிஃப்டில், அந்த எண் மறுபடி விழுந்தது. கையில் ஸ்பேர் கார்டு இருந்தது. மாற்றினால் பத்து நாள் ஓடும். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை. பேனல் கதவைத் திறந்து வைத்து, சூடு குறைவதற்கு முன்னால், ஒவ்வொரு வயராக பிளாஸ்டிக் பேனா முனையால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். ஏழாம் எண்ணைத் தொட்டதும் திரையில் எண் விழுந்தது. விட்டேன், வந்தது. தொட்டேன், விழுந்தது.

திருகைத் தளர்த்தி வயரை வெளியே எடுத்தேன். உறையைச் சரியாக உரிக்காமல் சொருகியிருக்கிறது. திருகு செம்பைக் கடிக்காமல் நீல உறையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர் செம்பு மட்டும் ஓரத்தில் உரசிக்கொண்டிருந்தது. சூட்டில் விலகும், குளிர்ந்தால் சேரும். கார்டு மாற்றும்போது டெர்மினல் பிளாக்கைக் கழற்றி மாட்டுவதால் வயர் அசைந்து, சில நாள் நன்றாக உட்கார்ந்துகொள்ளும். என் ஸ்பேர் கார்டின் மகிமை அவ்வளவுதான்.

வயரின் நுனியில் எண் எழுதிய வெள்ளைக் குழாய் இருந்தது. கையால் எழுதிய 7. நடுவில் குறுக்குக் கோடு போட்ட 7. எங்கள் ஆலையில் அப்படி 7 எழுதுவது நான் ஒருத்திதான். முதல் வருட ஷட்டவுனில் அந்தப் பேனலின் வயர்களைப் புதுப்பித்தது நான். முதன்முதலில் தனியாகச் செய்த வேலை. போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன்.

உறையை உரித்து, ஃபெரூல் போட்டு நசுக்கி, திருகி, இழுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்த ஸ்டெரிலைசர் அந்தக் காரணத்துக்காக நின்றதில்லை.

மறுநாள் புது அறிக்கை எழுதினேன். டெர்மினல் 7, வயர் முடிப்பு தவறு, செய்தது நான், தேதி. முந்தைய அறிக்கையில் ஊழியர் பற்றி எழுதியதை நீக்கக் கோருகிறேன். மானேஜர் படித்துவிட்டு, நேர்மைக்கு நன்றி என்றார். முடிந்துபோன கேஸைத் திறக்க முடியாது, புதுக் கோப்பாகப் போடலாம் என்றார். போட்டார்கள். இரண்டு கோப்பும் இப்போது அந்த சிஸ்டத்தில் இருக்கின்றன. பழையதைத் தேடினால் பழையது வரும்.

அங்கிள் வீட்டுக்குப் போக எனக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. தாமான் ஓரத்துக் கடைசி வீடு. போர்ட்டிக்கோவில் மேசை போட்டு, ஆட்டோகேட் போர்டுகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். நம் நாட்டு இடிமின்னலுக்கு அந்தத் தொழிலில் பஞ்சமே இல்லை. ஆன்ட்டி மைலோ கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமலே சொல்ல ஆரம்பித்தேன். அறிக்கை, அந்த ஒரு வரி, மானேஜரின் சுருக்கம், நான் சும்மா இருந்தது, எல்லாவற்றையும். கடைசியில் வயர்.

அவர் கையில் இருந்த சோல்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த டெர்மினலு?"

"ஏழு அங்கிள்."

"ஏழா? நான் மூணுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். மூணுலதான் கொஞ்சம் லூசு இருந்திச்சு."

"மூணு நல்லா இருக்கு. பாத்துட்டேன்."

"ம்."

அறிக்கை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன், அவர் மைலோ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆன்ட்டி உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது.

மேசையில் ஏழெட்டு போர்டு கிடந்தது. ஒவ்வொன்றிலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிழித்து நூலில் கட்டியிருந்தார். ஒன்றை எடுத்துப் படித்தேன். 'வியாழன் ராத்திரி 8 மணிக்கு மேல மட்டும் தானா தொறக்குது. மழ இல்ல. பக்கத்து வீட்ல புது கேட் போட்ட வாரத்துலேந்து.'

"இது போர்டு இல்லன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"நெனைக்கிறியா?"

"பக்கத்து வீட்டு ரிமோட்டா இருக்கும். ரெண்டுக்கும் ஒரே கோடா இருக்கலாம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னும் பாக்கல." மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். ஏழே முக்கால். "ரெண்டு ரோடு தள்ளித்தான் வீடு. மீட்டர் காடில இருக்கா?"

"இருக்கு."

"பேட்டரி மாத்துனியா?"

மாற்றியிருந்தேன்.